கம்பெனிகள் பெரிய முதலீட்டாளர்களிடம் என்ன பேசுகின்றன? நாமும் கேட்கலாம்



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். பல ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். கைபேசியை எடுத்து ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். இன்ன கம்பெனியின் காலாண்டு முடிவு இரண்டு நாளில் வருகிறது, லாபம் நன்றாகக் கூடியிருக்கிறது, உள்ளே இருக்கும் ஆள் சொன்னது, உடனே வாங்குங்கள் என்பது அதன் சாரம். மகளின் திருமணத்துக்கென ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து 3 லட்சம் ரூபாயை எடுத்து அவர் அந்தப் பங்கை வாங்கிவிட்டார். முடிவு வந்தது. செய்தியில் சொன்னபடி லாபம் கூடத்தான் செய்திருந்தது. ஆனால் அடுத்த சில நாட்களில் பங்கின் விலை கால்பங்குக்கு மேல் இறங்கிவிட்டது.

"லாபம் கூடியிருக்கும்போது விலை ஏன் இறங்குகிறது? பெரிய ஆட்களுக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது?" இதுதான் அவர் கேட்டது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியபோது நாம் படித்தவற்றை இங்கே ஒரு பாடமாகத் தருகிறோம். பங்கு வாங்குவது கூடுமா, எந்தப் பங்கு கூடும் என்ற மார்க்கத் தீர்ப்பு இதில் இல்லை. அதற்கு ஊரின் ஆலிம்களை அணுகுங்கள். எதை வாங்கலாம் என்ற ஆலோசனையும் இல்லை. ஒரு கம்பெனி பெரிய முதலீட்டாளர்களிடம் எப்படிப் பேசுகிறது, அந்தப் பேச்சுக்கு என்ன சட்டம், அதை நாம் எப்படிக் கேட்பது என்பது மட்டுமே பாடம்.

யார் யாரிடம் பேசுகிறார்கள்?

பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகளில், ஓரளவு பெரியவை அனைத்திலும், முதலீட்டாளர் தொடர்பு என்று ஒரு பிரிவு உண்டு. செபியின் 2015-ஆம் ஆண்டு உள்தகவல் வணிகத் தடை விதிகள், செய்தியை வெளியிடுவதற்குப் பொறுப்பாக ஒரு மூத்த அதிகாரியை நியமிக்கும்படி கம்பெனிகளிடம் சொல்கின்றன. தலைமை முதலீட்டாளர் தொடர்பு அதிகாரி என்பது அந்தப் பொறுப்பின் பெயர். விளம்பரப் பிரிவு சரக்கை விற்கிறது. இவர் வேலை, கம்பெனியின் கணக்கையும் திட்டத்தையும் பணம் போட்டவர்களுக்கு விளக்குவது.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் புரோக்கர் நிறுவனங்களின் பகுப்பாய்வாளர்கள். ஒவ்வொருவரும் சிமெண்ட், மருந்து, வங்கி என்று ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள கம்பெனிகளைப் பற்றி வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்கலாம் என்று அறிக்கை எழுதுவார்கள். மற்ற வகையினர், மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ், பென்ஷன் நிறுவனங்களின் ஃபண்ட் மேனேஜர்களும் அவர்களின் கீழுள்ள பகுப்பாய்வாளர்களும். முதல் வகையினர் எழுதுகிறார்கள், இரண்டாம் வகையினர் பணத்தைப் போடுகிறார்கள். நம்மில் யாராவது மாதம் 2000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் கட்டிவந்தால், அந்தப் பணத்துக்காகக் கம்பெனியிடம் போய்க் கேள்வி கேட்கக் கடமைப்பட்டவர் அந்த ஃபண்ட் மேனேஜர். ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத மாளிகை விவகாரம் அல்ல.

முதல் வகையினரின் அறிக்கைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவர்களின் நிறுவனத்துக்கு வருமானம் பங்கு வர்த்தகத்திலிருந்தும், சில நேரம் அதே கம்பெனிக்குப் பணம் திரட்டித் தரும் வேலையிலிருந்தும் வருகிறது. அமெரிக்காவில் 2003-இல் பத்துப் பெரிய நிறுவனங்கள் இந்தக் குற்றச்சாட்டில் ஏறக்குறைய 140 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. இந்தியாவில் 2014-இல் செபி தனி விதிமுறை கொண்டுவந்து, அறிக்கை எழுதுபவர் தமக்குள்ள சொந்த நலனை அந்த அறிக்கையிலேயே வெளியிட வேண்டும் என்றது. அந்தப் பகுதி வழக்கமாகக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நாம் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

மதீனாவுக்கு வெளியே

இன்றைய சட்டத்துக்குள் போகுமுன் நம் மார்க்கத்தில் தெரிந்த ஒரு விஷயத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். மதீனாவின் சந்தைக்கு வெளியூரிலிருந்து வணிகக் கூட்டத்தார் தானியம் ஏற்றி வருவார்கள். உள்ளூர் வியாபாரிகளில் சிலர் ஊருக்கு வெளியே பாதி வழியிலேயே அவர்களை எதிர்கொண்டு, சந்தை விலை தெரியாத நிலையில் சரக்கை வாங்கிவிடுவார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இந்தத் தடை பதிவாகியிருக்கிறது. அப்படி வழியில் விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலை தெரிந்த பின் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளும் உரிமையும் அவருக்குத் தரப்பட்டது. 'தலக்கீ' என்ற பெயரில் ஃபிக்ஹ் நூல்கள் இதை விளக்குகின்றன.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. வழியில் வாங்கியவர் எடையில் மோசடி செய்யவில்லை, பொய்யும் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த விலை எதிரிலிருப்பவருக்குத் தெரியாது என்பதை மட்டுமே பயன்படுத்திக்கொண்டார். அதுவே தடை செய்யப்பட்டது.

இப்போது இதைப் பங்குச் சந்தையில் வைத்துப் பாருங்கள். கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதிகாரி நாலைந்து பெரிய முதலீட்டாளர்களிடம் மட்டும் காதோடு சொல்கிறார். அவர்கள் போய் வாங்குகிறார்கள். அந்த நேரம் யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்மிடமிருந்த பங்கை விற்கிறார். பாதி வழியில் மறிக்கப்பட்ட வணிகர் அந்த ஆசிரியர்தான். விற்றதை ரத்து செய்ய அவருக்கு வழியில்லை, யார் வாங்கினார் என்பதுகூடத் தெரியாது.

அமெரிக்காவில் 2000 வரை இது ஏறக்குறைய வழக்கமாகவே இருந்தது. கம்பெனிகள் அழைத்த பகுப்பாய்வாளர்கள் மட்டும் கலந்துகொள்ளும் தொலைபேசிக் கூட்டங்களில் புதிய செய்தி வெளிவரும். மற்றவர்கள் மறுநாளோ அதற்கும் பிறகோ தெரிந்துகொள்வார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 'நியாயமான வெளியீடு' விதி இதை நிறுத்தியது. விலையை அசைக்கக்கூடிய செய்தியை ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். இந்தியாவில் செபி விதிகளும் இதையே சொல்கின்றன: செய்தி ஒரே சீராக, அனைவருக்கும் போய்ச் சேர வேண்டும், பகுப்பாய்வாளர்களிடம் பேசும்போது வெளியிடப்படாத விலை உணர்வுள்ள தகவல் எதுவும் கலந்துவிடக் கூடாது.

மூன்று மாதச் சுற்று

அந்த அதிகாரியின் வேலை மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாத முடிவுகளில் கணக்கு மூடப்படுகிறது. அன்றிலிருந்து, முடிவு வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை, கம்பெனியின் உள்விவரம் தெரிந்தவர்கள் அதன் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. ஜன்னல் மூடியிருக்கிறது என்பார்கள். அந்த நாட்களில் பல கம்பெனிகள் பகுப்பாய்வாளர்களைச் சந்திப்பதையே தவிர்த்துவிடுகின்றன. சட்டம் கேட்பதைவிட இது அதிகம். ஆனாலும் நல்ல வழக்கம். கணக்கைப் பார்த்துவிட்ட ஒருவர் எவ்வளவு கவனமாகப் பேசினாலும் முகமே சொல்லிவிடும்.

காலாண்டு முடிவுகளை 45 நாட்களுக்குள்ளும், முழு ஆண்டுக் கணக்கை 60 நாட்களுக்குள்ளும் சந்தைக்குத் தந்தாக வேண்டும். ஆகவே ஜூன் காலாண்டுக்கு ஆகஸ்ட் 14, செப்டம்பருக்கு நவம்பர் 14, டிசம்பருக்கு பிப்ரவரி 14, ஆண்டுக் கணக்குக்கு மே 30 என்பவை கடைசி நாட்கள்.

முடிவு வெளியான அன்றோ மறுநாளோ கான்ஃபரன்ஸ் கால் நடக்கும். கூட்டாகச் சந்திக்கும் இந்த நிகழ்ச்சியின் நாளையும் நேரத்தையும் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாகப் பங்குச் சந்தைக்கு அறிவித்திருக்க வேண்டும். நிர்வாக இயக்குநரும் நிதி அலுவலரும் முதலில் பதினைந்து இருபது நிமிடம் பேசுவார்கள். பிறகு கேள்வி நேரம். கேட்க விரும்புபவர் தொலைபேசியில் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். இந்தியக் கூட்டங்களில் ஒரு வேடிக்கை, எண்கள் எப்படியிருந்தாலும் முதலில் பேசுபவர் "நல்ல முடிவுகளுக்கு வாழ்த்துகள்" என்றுதான் ஆரம்பிப்பார். மறுபேச்சின்றி நம் கல்யாண வீட்டுப் பிரியாணியைப் புகழ்வது போல!

இந்த ஒரு மணி நேரத்துக்காக அதிகாரி பல நாள் உழைத்திருப்பார். ஒவ்வொரு பகுப்பாய்வாளரும் சென்ற முறை என்ன எழுதினார், எந்த இடத்தில் சந்தேகப்பட்டார், எவ்வளவு லாபம் எதிர்பார்க்கிறார் என்று பட்டியல் இருக்கும். வரக்கூடிய கடினமான கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் எழுதி மேலதிகாரிகளிடம் தரப்பட்டிருக்கும். கால் முடிந்த பின் ஃபண்ட் மேனேஜர்கள் தனியாகவும் சந்திக்க வருவார்கள். மும்பையில் மாநாடுகள், தொழிற்சாலைப் பயணங்கள், சிங்கப்பூர், லண்டன் பயணங்கள் என்று அது தொடரும்.

தனிச் சந்திப்பு சட்டப்படி தவறல்ல. அங்கே என்ன சொல்லலாம் என்பதில்தான் கோடு. தொழிலின் இயல்பு, பழைய கணக்கு, ஏற்கெனவே அறிவித்த திட்டம் ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் விளக்கலாம். பகுப்பாய்வாளர் தம் கணக்கில் கடனை இருமுறை கழித்திருந்தால் சுட்டிக்காட்டலாம். ஆனால் அவர், "இந்தக் காலாண்டுக்கு 200 கோடி லாபம் என்று போட்டிருக்கிறேன், சரிதானே?" என்று கேட்டால் ஆம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. "கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதே" என்று புன்னகைப்பதும் செய்தி சொல்வதுதான். கோடு தாண்டப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட புன்னகைகளில்தான் என்பது நம் கருத்து. எந்தத் தணிக்கையிலும் அது சிக்காது. அல்லாஹ்வின் பார்வையை நம்பும் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் அதன் கனம் அவருக்குத் தெரியும்.

நல்ல பகுப்பாய்வாளருக்குக் காதோடு சொல்லப்படும் ரகசியம் தேவையும் இல்லை. அவர் டீலர்களிடம் பேசுவார், போட்டிக் கம்பெனியின் கணக்கைப் படிப்பார், தொழிற்சாலை வாசலில் எத்தனை லாரி போகிறது என்று எண்ணுவார், மூலப்பொருளின் விலையைப் பார்ப்பார். ஒவ்வொன்றும் சிறு துண்டு, யாரும் பொறுக்கிக்கொள்ளலாம். துண்டுகளைச் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவது அவரது உழைப்பு. சந்தையைச் சுற்றிப் பார்த்து விலை தெரிந்துகொள்வதை எந்த மார்க்கமும் தடுக்கவில்லை.

மேலே இருப்பது, அடியில் இருப்பது

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதையும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதையும் நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கான்ஃபரன்ஸ் காலில் முதல் இருபது நிமிடப் பேச்சு குவியலின் மேற்பகுதி. கேள்வி நேரம், கையை உள்ளே விடுவது. தோல் மண்டியில் கட்டின் மேலே இருக்கும் தோலை மட்டும் பார்த்து யாராவது விலை பேசுவார்களா?

அமெரிக்காவின் என்ரான் கம்பெனி 2001 ஏப்ரல் 17 அன்று நடத்திய கால் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் மறக்காத ஒன்று. ரிச்சர்ட் கிரப்மேன் என்ற முதலீட்டாளர் ஓர் எளிய கேள்வி கேட்டார்: லாபக் கணக்கோடு சேர்த்து, சொத்து, கடன் விவரத்தையும் பண வரவு செலவையும் ஏன் தருவதில்லை? மற்ற நிதி நிறுவனங்கள் தருகின்றனவே? தலைவர் ஜெஃப்ரி ஸ்கில்லிங் பதில் தரவில்லை. அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவரைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று என்ரான் திவால் மனு கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு 90 டாலர் வரை போன பங்கு அப்போது ஒரு டாலருக்கும் கீழே இருந்தது. ஓய்வுகாலச் சேமிப்பை அதே பங்கில் வைத்திருந்த ஊழியர்கள் ஏராளம்.

அந்தக் கம்பெனியின் முதலீட்டாளர் தொடர்புத் தலைவராக இருந்தவர் மார்க் கோனிக். பகுப்பாய்வாளர்களிடம் தவறான படத்தைக் காட்டியதில் தமக்கும் பங்கு உண்டு என்று 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தலைவர்கள் மீதான விசாரணையில் அரசுத் தரப்பின் முதல் சாட்சியாக நின்றார். அவருக்கு 18 மாதச் சிறை கிடைத்தது. திருட்டுப் பணத்தை மூட்டை கட்டிச் சென்றவரல்ல அவர். மேலிடம் தந்ததை அழகாக எடுத்துச் சொன்னவர். சம்பளம் தருபவருக்குக் காட்டும் விசுவாசத்துக்கு எல்லை எங்கே என்று நம் வீட்டில் பி.காம். படிக்கும் பிள்ளைகளோடு பேச இது நல்ல உதாரணம்.

நம் நாட்டில் சத்யம். ஐதராபாத்தைச் சேர்ந்த அந்த மென்பொருள் கம்பெனிக்கு 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது கிடைத்தது. டிசம்பர் 16 அன்று, நிறுவனரின் குடும்பத்தார் நடத்திய மேட்டாஸ் என்ற இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அது அறிவித்தது. மேட்டாஸ் என்பதை ஆங்கில எழுத்துகளில் திருப்பிப் படித்தால் சத்யம் என்றே வரும். அன்றைய காலில் பகுப்பாய்வாளர்களும் ஃபண்ட் மேனேஜர்களும் கொதித்தெழுந்தார்கள். பங்குதாரர்களின் பணத்தை எடுத்து உங்கள் பிள்ளைகளின் நிலக் கம்பெனியை எதற்கு வாங்குகிறீர்கள் என்பதே எல்லோரின் கேள்வியும். நியூயார்க்கில் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில் உண்மை வெளிவந்தது: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. இல்லாத சொத்தின் இடத்தை உண்மையான சொத்தால் நிரப்பச் செய்த கடைசி முயற்சியே அந்த மேட்டாஸ் திட்டம் என்றும் அதில் எழுதியிருந்தார். அந்த முயற்சியை மறித்தவை முதலீட்டாளர்கள் கேட்ட கேள்விகள்.

பதிவு எங்கே இருக்கிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்தக் காலத்தில் இந்தக் கூட்டங்களில் என்ன பேசினார்கள் என்று நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்வது கடினம். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நிலைமை மாறியிருக்கிறது. காலாண்டு முடிவு பற்றிய காலின் ஒலிப்பதிவைப் பதிவுபெற்ற கம்பெனிகள் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வர்த்தக நாள் தொடங்குவதற்குள், எது முந்தியதோ அதற்குள் வெளியிட வேண்டும். பேசியது முழுவதையும் எழுத்தாக்கி 5 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியிலும், மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் தளங்களில் கம்பெனியின் பெயருக்குக் கீழும் இவை கிடைக்கும். கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் கல்லூரிப் பிள்ளை இல்லாத வீடு நம் மஹல்லாவில் குறைவு.

கேட்கும்போது எதைக் கவனிப்பது? வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. சரக்கு போய்விட்டது, பில் போட்டாகிவிட்டது, ஆனால் பணம் வரவில்லை என்றால் அந்த லாபத்தை நம் தாத்தாமார் லாபமாக எண்ணியதில்லை. கம்பெனிக் கணக்கில் பில் போட்ட அன்றே லாபம் ஏறிவிடுகிறது. ஆகவே லாபம் கூடிக்கொண்டே போகும்போது வராத பாக்கியும் அதைவிட வேகமாகக் கூடுகிறதா என்று யாராவது கேட்கிறார்களா, அதற்கு நேரான பதில் வருகிறதா என்று பாருங்கள். நிறுவனர் தம் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா, குடும்பத்தாரின் வேறு கம்பெனிகளுக்குப் பணம் போகிறதா என்பவையும் கேட்கப்படும். சென்ற காலாண்டில் தந்த வாக்குறுதியை இந்தக் காலாண்டில் பேசாமலே விட்டுவிடுகிறார்களா என்பது இரண்டு கால்களைச் சேர்த்துப் படித்தால் தெரிந்துவிடும். இருப்பவற்றில் சுலபமான சோதனை இதுதான். ஆனால் செய்பவர்கள் குறைவு.

பிறகு ஒரு சொற்றொடர். கேள்வி சங்கடமாக இருக்கும்போது, "இதை நாம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்" என்பார்கள். சில நேரம் நேரமின்மையால் சொல்வது. ஆனால் பொதுவில் சொல்லக்கூடிய பதில் என்றால் ஏன் தனியாக? பொதுவில் சொல்லக்கூடாதது என்றால் தனியாக எப்படிச் சொல்ல முடியும்? இதைக் கேட்கும் இடத்தில் பதிவை நிறுத்தி, கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹலாலைப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பதிவுகளில் வேறொரு பயனும் உண்டு. வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டுக்குள், கூடாத வழியில் வரும் வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டுக்குள் என்பது ஷரீஆ நிதித் தரங்களை வகுக்கும் ஆயோஃபி அமைப்பின் அளவுகோல். இதையும் ஏற்காத உலமாக்கள் உண்டு. எப்படியானாலும், கடன் கூடுகிறதா, "இதர வருமானம்" என்று போட்டிருப்பதில் வட்டி எவ்வளவு என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். கடன் பற்றிய கேள்வி ஏறக்குறைய எல்லாக் கால்களிலும் வரும். வட்டி வருமானம் பற்றி யாரும் கேட்கவில்லையென்றால் நாமே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

அந்த வாட்ஸ்அப் செய்தி

பொய்யான செய்தியை நம்பி வாங்கினால் நஷ்டம். மெய்யான உள்செய்தியை வைத்து வாங்கினால் குற்றம். இரண்டாவதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. கம்பெனியில் வேலை பார்ப்பவர் மட்டுமே உள்ளாள் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெளியிடப்படாத, விலையை அசைக்கும் தகவல் யார் கையில் இருக்கிறதோ அவர் உள்ளாள், அது எந்த வழியில் வந்திருந்தாலும். அதை வைத்துக்கொண்டு வாங்குவதும் விற்பதும் தடை. பிறருக்குச் சொல்வதும் தடை. அபராதம் 10 லட்சம் ரூபாயிலிருந்து தொடங்கி, 25 கோடி அல்லது சம்பாதித்த லாபத்தைப் போல மூன்று மடங்கு, எது அதிகமோ அதுவரை போகலாம்.

2017 இறுதியில் பல பெரிய கம்பெனிகளின் காலாண்டு எண்கள் அறிவிப்புக்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது செய்தியானது. செபி சோதனை நடத்தி, அவற்றை அனுப்பிய சிலருக்கு அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அந்த அபராதங்கள் ரத்தாயின. எண்கள் உண்மையில் உள்ளிருந்து கசிந்தவைதான், அனுப்பியவர்கள் அதை அறிந்திருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்பதே காரணம். குழுக்களில் நாள்தோறும் ஊகங்கள் பறக்கும்போது எது கசிவு, எது கற்பனை என்று பிரிப்பது அவ்வளவு கடினம். வாங்குபவருக்கும் அதே கடினம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சகோதரர் காட்டிய செய்தி கசிவா கற்பனையா என்று நமக்குத் தெரியாது. அவரையும் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படிக்கும் அவர் மகனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியைத் திறந்து, அவர் வாங்கியதற்கு மூன்று மாதம் முந்தைய காலின் எழுத்துப் பிரதியை எடுத்தோம். மகன் படித்தான், நாங்கள் கேட்டோம். முதல் ஆறு பக்கம் வளர்ச்சி, வாய்ப்பு, நன்றி. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பெண் பகுப்பாய்வாளர், விற்பனை கூடியிருக்கிறது, ஆனால் வராத பாக்கி ஒரே ஆண்டில் இரட்டிப்பாகியிருக்கிறதே, எந்த வாடிக்கையாளர்கள், எப்போது வரும் என்று கேட்டிருந்தார். பண்டிகைக் காலம் என்று பதில். அவர் விடவில்லை, பண்டிகைக்கு முந்தைய காலாண்டிலும் கூடித்தானே இருந்தது என்றார். "மேடம், இதை நாம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அடுத்தவரின் கேள்விக்குப் போய்விட்டார்கள்.

சகோதரர் வாங்கிய பின் வெளியான முடிவில், லாபம் கூடிய அதே காலாண்டில், அந்தப் பாக்கியில் ஒரு பகுதி வராது என்ற குறிப்பு அடியில் இருந்தது. விலை இறங்கியதற்கு அதுவே காரணம். மகன் ஒன்பதாம் பக்கத்தை மறுபடியும் படித்தான். தகப்பனார் தேதியைப் பார்த்தார். அந்தப் பிரதி வெளியானது, அவர் பணத்தைப் போடுவதற்கு 80 நாட்களுக்கு முன்.